ஒரு தாயும் இரு மகவும்: இரட்டையருக்குப் பாலூட்டும் ஆயத்தம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

“ஒருத்தியின் பால் இரண்டு பிள்ளைகளுக்கும் காணுமா?” கருவுற்றவள் இரட்டையரைச் சுமக்கின்றாள் என்று தெரியவந்த வீட்டில் முதலில் எழும் வினாக்களுள் இதுவும் ஒன்றாகும். இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. கூலிக்குப் பாலூட்டிய பெண்களின் ஒப்பந்தங்களிலும், வைத்திய நூல்களிலும், அனாதைக் குழந்தைகளைப் பேணிய நிலையங்களின் பதிவுகளிலும், பால்மா வணிகத்தின் விளம்பரங்களிலும் இது பல உருவங்களிற் புதைந்து கிடக்கின்றது. இதற்கு ஒவ்வொரு காலமும் அளித்த விடையே, அக்காலத்துத் தாய் கருவுற்ற மாதங்களில் எதற்காகத் தன்னை ஆயத்தஞ் செய்தாள் என்பதையும் தீர்மானித்தது. அவ்விடைகள் மாறிய வரலாற்றை நோக்குமிடத்து, பால் குன்றியமைக்குத் தாயின் உடலைக் குறைகூறிய காலங்களிற் பெரும்பாலும் குறை வேறிடத்தில் இருந்தமை புலனாகும்.

ஆயத்தஞ் செய்வதற்கு முதற்கண் அறிந்திருத்தல் வேண்டும். வயிற்றில் இருப்பது ஒன்றா இரண்டா என்பதைப் பண்டைக் காலத்தில் உறுதியாகக் கூற வழியிருக்கவில்லை. மருத்துவிச்சியின் கைப்பழக்கமும் வயிற்றின் பருமனுமே சான்றாக இருந்தன. இரண்டாவது குழந்தை பிறந்த பின்னரே பலர் உண்மையை அறிந்தனர். 1821ஆம் ஆண்டிற் பிரான்சு தேசத்து வைத்தியரான கெர்கரடெக் என்பார், கருவிலுள்ள சிசுவின் இதயத்துடிப்பைக் குழாய் வைத்துக் கேட்கலாம் என்று வெளிப்படுத்தியபோது, இரட்டைக் கருவை அறிவதற்கும் அது உதவும் எனச் சுட்டினார். ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் மீயொலியைக் கொண்டு வயிற்றின் உள்ளுறுப்புகளையும் கருவையும் படமாகக் காணும் முறையை 1958இல் வெளியிட்டனர். இம்முறை உலகெங்கும் பரவிய பின்னரே பெரும்பாலான தாய்மார் மாதக்கணக்கில் முன்னதாக இரட்டையரை எதிர்பார்க்கலாயினர். எனவே இரட்டையருக்கென முன்கூட்டியே ஆயத்தஞ் செய்தல் என்பது அண்மைக் காலத்திலேயே பரவலாகக் கைகூடிய ஒரு வாய்ப்பு எனலாம்.

முலைத்தாயும் ஒப்பந்தமும்

தமிழ் மரபு தாயரை ஐவகையினராகக் கூறும்: பாராட்டுந்தாய், ஊட்டுந்தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய் என்போர் அவர். பெற்றவள் ஒருத்தி, பால் கொடுப்பவள் வேறொருத்தி என்னும் நிலை வசதிபடைத்த இல்லங்களில் வழக்காயிருந்தமைக்கு முலைத்தாய் என்னும் சொல்லே சான்றாகும். வடமொழி வைத்திய நூலான சுசுருத சங்கிதை, சரீரம் பற்றிய பகுதியிலே கருவுற்றவளைப் பேணும் முறையை விரித்துரைக்கும் இடத்து, பாலூட்டுதற்குத் தகுந்தவளைத் தெரிவுசெய்யும் இலக்கணத்தையும் கூறுகின்றது.

மேலைத்தேயத்திலும் நிலைமை இதுவே. உரோமர் ஆட்சிக்குட்பட்ட எகிப்திற் பப்பைரசுத் தாள்களில் எழுதப்பட்ட முலைத்தாயர் ஒப்பந்தங்கள் பல இன்றும் கிடைக்கின்றன. கூலி, காலவரையறை என்பவற்றுடன், ஒப்படைக்கப்பட்ட குழந்தையுடன் வேறொரு குழந்தைக்கும் பால் கொடுத்தலாகாது என்னும் நிபந்தனையும் அவற்றிற் காணப்படுகின்றது. இந்நிபந்தனை நுணுகி நோக்கற்பாலது. மார்பிலுள்ள பால் குடத்து நீரைப் போன்று அளவானது, ஒருவர் பருகினால் மற்றவருக்குக் குறையும் என்னும் கருத்து அதன் அடியில் இருந்தது. அக்கருத்தின்படி இரட்டையரைப் பெற்றவள் பிறப்பிலேயே பற்றாக்குறைக்கு உள்ளானவள் ஆகிறாள். ஓர் உடற்றொழில் பற்றிய பிழையான உவமை பல நூற்றாண்டுகளாகத் தாயின் மனத்தில் ஐயமாக நிலைபெற்ற வரலாறு இங்கிருந்தே தொடங்குகின்றது.

முதல் நாட்களின் இழப்பு

இரண்டாவது பிழை முதல் நாட்களைப் பற்றியது. பிரசவத்தின்பின் மூன்று அல்லது நான்கு இரவுகள் கழிந்த பின்னரே பால் இறங்கும் என்பது சுசுருத சங்கிதையின் கருத்து. அதுவரை தேனும் நெய்யும் ஊட்டுமாறு அது பணிக்கின்றது. கி.பி. 2ஆம் நூற்றாண்டளவில் உரோமில் வாழ்ந்த கிரேக்க வைத்தியரான சொரானசு, பெற்றவளின் பால் தொடக்கத்திற் குழந்தைக்கு ஒவ்வாதது எனக் கருதினார். ஐரோப்பிய வைத்தியமும் 18ஆம் நூற்றாண்டு வரை ஏறத்தாழ இவ்வழியே சென்றது. நம்மவரிடையேயும் சிற்சில இடங்களிற் சீம்பாலைப் பீய்ச்சிக் களைந்துவிட்டுச் சேனை தொட்டுவைக்கும் வழக்கம் இருந்துள்ளது.

இவ்வழக்கம் ஒற்றைக் குழந்தைக்கே தீங்கானது; இரட்டையருக்கோ அது இருமடங்கு கேடாயிற்று. முதல் நாட்களிற் குழந்தைகள் உறிஞ்சாத மார்பிற் பால் கட்டி வீக்கமும் காய்ச்சலும் உண்டாகும், சுரப்பும் தளரும். பின்னர் இரு குழந்தைகளை அணைக்கும்போது, எவருக்கும் நிறையாத மார்பு முன்னே நிற்கும். “இவளுக்குப் பால் போதாது” என்னும் தீர்ப்பும் உடன் வழங்கப்பட்டுவிடும்.

இந்நிலை மாறுவதற்கு இலண்டன் மாநகரம் ஒரு களமாயிற்று. 1739இல் அரச பட்டயம் பெற்ற கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான காப்பகத்திற் குழந்தைகள் இறக்கும் வேகம் அறிஞரைச் சிந்திக்கத் தூண்டியது. அக்காப்பகத்தின் பொறுப்பாளர்களை நோக்கி வைத்தியர் வில்லியம் கடோகன் 1748இல் வெளியிட்ட சிறுநூல், தாய்ப்பாலே தக்கது எனவும், பிறந்த குழந்தைக்கு மருந்தும் இனிப்பும் கலந்து ஊட்டுவது தவறு எனவும் வற்புறுத்தியது. மஞ்செஸ்ரர் நகரத்துச் சார்ள்ஸ் வைற் 1773இல் வெளியிட்ட நூலில், பிரசவித்தவுடன் காலந்தாழ்த்தாது குழந்தையை மார்பில் விடுமாறு கூறினார். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் பிரசவ விடுதிகளில் இவ்வழக்கம் பரவியபோது, தாய்மாரைப் பீடித்த பாற்காய்ச்சல் குறைந்தது. புதிதாய்ப் பிறந்த குழந்தைகளின் இறப்பும் குறைந்தது. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படாமலே, நேரத்தை மாற்றியதனால் மட்டும் பெற்ற வெற்றி இதுவாகும்.

பரிஸ் நகரின் பாடம்

முலைத்தாயர் வழக்கத்தின் உச்சத்தைப் பரிஸ் நகரிற் காணலாம். 1780ஆம் ஆண்டளவில் அந்நகரத்துக் காவற்றுறைத் தலைவராயிருந்த லெனுவார் தந்த கணக்கின்படி, ஆண்டுதோறும் பிறந்த ஏறத்தாழ 21,000 குழந்தைகளுள் தம் தாயிடமே பாலருந்தியோர் 1,000 பேர் வரையினரே. எஞ்சியோரிற் பெரும்பாலோர் நாட்டுப்புறத்து முலைத்தாயரிடம் அனுப்பப்பட்டனர். கூலிக்காகப் பல குழந்தைகளை ஏற்ற ஏழைப் பெண்களின் குடிசைகளில் அவர்களுட் பலர் மாண்டனர்.

ஆயினும் ஒரு நூற்றாண்டின்பின் அதே நகரிலேதான் குடத்து நீர் என்னும் உவமை உடையலாயிற்று. பியேர் புடான் என்னும் மகப்பேற்று வைத்தியர் 1892இல் ஷரிற்றே வைத்தியசாலையிற் பாலுண்ணும் குழந்தைகளுக்கான ஆலோசனை நிலையமொன்றை ஆரம்பித்தார். 1895ஆம் ஆண்டு முதல், குறைமாதத்திற் பிறந்த நலிந்த குழந்தைகளைப் பேணும் பிரிவொன்றையும் அவர் பொறுப்பேற்றார். அங்கு முலைத்தாயர் தம் குழந்தைகளுடன் தங்கியிருந்து நலிந்த குழந்தைகளுக்கும் பாலூட்டினர். 1900இல் வெளிவந்த அவரது விரிவுரைகளில், குழந்தைகளை நிறுத்து எழுதிய கணக்குகள் இடம்பெறுகின்றன. ஒரு முலைத்தாயிடம் பாலருந்தும் குழந்தைகளின் தொகையும் தேவையும் கூடியபோது அவளது பாலின் அளவும் கூடியது என்பதே அவர் கண்ட உண்மை. எகிப்திய ஒப்பந்தங்களின் நிபந்தனைக்கு இதனிலும் தெளிவான மறுப்பு இல்லை.

புடான் கண்ட இன்னோர் உண்மையும் இரட்டையரைப் பொறுத்தவரை முதன்மையானது. குறைமாதக் குழந்தையை விட்டுப் பிரிக்கப்பட்ட தாய், நாளடைவில் அக்குழந்தையின் மீதுள்ள பற்றையே இழந்துவிடுவதை அவர் கவனித்தார். எனவே தாயையும் நிலையத்திற்கு வருவித்து, நலிந்த குழந்தை உறிஞ்சும் வலுவைப் பெறும் வரை, நிறைமாதக் குழந்தையொன்றுக்கும் பாலூட்டச் செய்து அவளது சுரப்பைக் காப்பாற்றினார். இரட்டையரிற் பெருந்தொகையினர் 37 வாரங்கள் நிறைவதற்கு முன்னரே பிறக்கின்றனர். ஆதலின், பிரிவின்போது சுரப்பைக் காத்தல் இரட்டையரின் தாய்க்கு எப்போதும் எதிர்நோக்க வேண்டியதொரு கடமையாகும்.

மணிக்கூடும் மாவும்

புடானின் பாடம் பரவுவதற்கு முன் வேறு இரு ஆற்றல்கள் முந்திக்கொண்டன. ஒன்று வணிகம். ஜேர்மன் இரசாயன அறிஞரான லீபிக் 1860களில் தாய்ப்பாலுக்கு ஈடெனக் கூறி ஓர் உணவை ஆக்கினார். சுவிற்சர்லாந்தில் ஹென்றி நெஸ்லே 1867இற் பால்மா உணவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சீனியிட்டு இறுக்கிய தகரப்பால் குடியேற்ற நாடுகளெங்கும் சென்றது. இரட்டையரின் இல்லம் இவ்வணிகத்துக்கு இயல்பாகவே திறந்த கதவாயிற்று, அங்கு “காணுமா?” என்னும் ஐயம் ஏற்கெனவே குடியிருந்ததன்றோ!

மற்றையது மணிக்கூடு. நியூசிலாந்தில் 1907இற் பிளங்கற் சங்கத்தை நிறுவிய ட்ரூபி கிங் தாய்ப்பாலின் ஆதரவாளரே. எனினும் நான்கு மணிக்கு ஒரு தடவை, இரவிற் பாலில்லை என்று அவர் வகுத்த ஒழுங்கு பிரித்தானியப் பேரரசு முழுவதும் பரவியது. அடிக்கடி உறிஞ்சுவதாற் பெருகும் இயல்புடைய சுரப்பை மணிக்கூட்டுக்கு அடிமையாக்கியபோது, தாய்ப்பாலைப் போற்றிய இயக்கமே அதனைக் குன்றச்செய்யும் காரணியுமாயிற்று. இருவரின் தேவைக்குச் சுரக்கவேண்டிய மார்பு ஒருவருக்கு வேண்டிய தூண்டலையேனும் முழுமையாகப் பெறவில்லை.

இதன் விளைவை ஏழை நாடுகளிற் கண்டு வெளிப்படையாகப் பேசியவர் வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ். 1939இற் சிங்கப்பூர் றோட்டரிக் கழகத்தில், பாலையும் கொலையையும் இணைத்துப் பெயரிட்ட ஓர் உரையில், பொருந்தாத தகரப்பாலைப் பரப்புவோரை அவர் வன்மையாகக் கண்டித்தார். அவர் மூட்டிய வாதம் வலுப்பெற நாற்பது ஆண்டுகள் சென்றன. 1981ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதார மாநாடு தாய்ப்பாற் பதிலீடுகளின் விற்பனையை ஒழுங்குபடுத்தும் கோவையை ஏற்றது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள்.

மார்பைப் பதப்படுத்தல்

இனிக் கருவுற்ற காலத்து ஆயத்தம் என்பது மேலைத்தேய வைத்தியத்தில் எவ்வாறு விளங்கிக்கொள்ளப்பட்டது என்பதை நோக்குவோம். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இது பெரிதும் மார்பைப் பதப்படுத்தலையே குறித்தது. முரட்டுத் துணியால் தேய்த்தல், காம்பை உருட்டி இழுத்தல் என்பன போதிக்கப்பட்டன. இலண்டன் வுல்விச்சில் பணியாற்றிய ஹரோல்ட் வோலர், உட்புதைந்த காம்புகளை வெளிக்கொணரக் கண்ணாடி ஓடுகளை அணியவும், இறுதி வாரங்களிற் சீம்பாலைக் கையாற் பீய்ச்சிப் பழகவும் கருவுற்றோருக்குக் கற்பித்தார். 1930களிலும் 40களிலும் அவர் ஆய்வுகள் வெளிவந்தன. 1953இல் ஹொவ்மன் என்பார் காம்புக்கான இழுவைப் பயிற்சியொன்றை வகுத்தார். பல தலைமுறைத் தாதியர் இவற்றைப் பாடமாகக் கற்றனர்.

ஆனால் இவை சோதிக்கப்பட்டபோது எதிர்பார்த்த பயன் காணப்படவில்லை. 1992இற் பிரித்தானியாவில் வெளியான ஆய்வொன்று, ஓடு அணிந்த தாய்மாரில் ஆறு வாரங்களின்பின் பாலூட்டியோர், அணியாதோரிலும் குறைவாகவே இருந்தமையைக் காட்டியது. இழுவைப் பயிற்சியாலும் நன்மை தென்படவில்லை. 1994இல் வெளிவந்த பெரியதோர் ஆய்வும் இதனை உறுதிசெய்தது. உன் மார்பு குறையுடையது, அதனைத் திருத்த வேண்டும் என்று மாதக்கணக்கில் உணர்த்தப்பட்ட ஒருத்தி, குழந்தை பிறக்கும்போது நம்பிக்கையிழந்து நின்றாள் எனில் வியப்பில்லை. கருவுற்ற உடல் தன் ஆயத்தத்தைத் தானே செய்துகொள்கிறது. நடுமாதங்களிலேயே சீம்பால் உருவாகத் தொடங்கிவிடுகின்றது.

வோலரின் ஒரு கூறு மட்டும் அண்மையில் மீண்டு வந்துள்ளது. நீரிழிவுள்ள, வேறு ஆபத்து மிகாத தாய்மார் 36ஆம் வாரம் முதற் சீம்பாலைப் பீய்ச்சுவதாற் சிசுவுக்குத் தீங்கு நேர்வதில்லை என 2017இல் அவுஸ்திரேலிய ஆய்வொன்று கூறியது. எனினும் அவ்வாய்வு ஒற்றைக் கருவுற்றோரையே கொண்டது. அதன் முடிவை இரட்டைக் கருவுற்றோருக்கு அப்படியே பொருத்தலாகாது. அவர்கள் வைத்தியரின் ஆலோசனையின்றி இதனைச் செய்தல் தகாது.

அளவை கூறும் உண்மை

புடான் கண்ணாற் கண்டதன் காரணத்தை உடற்றொழிலியல் படிப்படியாக விளக்கியது. 1928இல் ஸ்திராஸ்பேர்க் நகரில், கபச்சுரப்பியின் சாற்றிற் பாலைச் சுரப்பிக்கும் ஓமோன் உண்டென அறியப்பட்டது. பின்னர் அது புரோலற்றின் எனப் பெயர் பெற்றது. பாலை வெளியேற்றும் ஒட்சிற்றோசினை 1953இல் ஆய்வுகூடத்தில் ஆக்கிய டு விக்னோ 1955இல் நோபெல் பரிசு பெற்றார். குழந்தை உறிஞ்சும்போது இவ்விரண்டும் எழுகின்றன. அச்சமும் வலியும் ஒட்சிற்றோசினைத் தடைசெய்கின்றன. மார்பிற் பால் தேங்கிநிற்பின் சுரப்பு மந்தமாகின்றது; வெறுமையாகும்தோறும் விரைகின்றது. ஆகவே மார்பு குடமன்று, ஊற்று. தொட்டனைத்து ஊறும் மணற்கேணியை அறிந்த தமிழருக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை.

1986இல் மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகர ஆய்வாளர், இரட்டையருக்குப் பாலூட்டிய எட்டுத் தாய்மாரின் பாலை அளந்து வெளியிட்டனர். ஆறாம் மாதத்தில் அவர்கள் நாளொன்றுக்கு 0.84 முதல் 2.16 கிலோகிராம் வரை சுரந்தனர். ஒரே பிரசவத்தில் மூவரைப் பெற்ற ஒருத்தியோ இரண்டரை மாதத்தில் 3.08 கிலோகிராம் சுரந்தாள். ஒற்றைக் குழந்தையின் தாய் பொதுவாகச் சுரப்பது ஏறத்தாழ முக்கால் கிலோகிராம் என்பதனோடு இதனை ஒப்புநோக்கலாம். அதே வேளை, எட்டுப் பேருள் ஒருவருக்கொருவர் இருந்த வேறுபாடும் கவனிக்கத்தக்கது. எல்லாத் தாய்க்கும் எல்லா நிலையிலும் இருவருக்கும் நிறையும் என்று சாதித்தல் வேறொரு கொடுமையாகும். ஐயம் ஒரு காலத்துத் தாயை வருத்தியது. அளவிறந்த வற்புறுத்தல் இக்காலத்துத் தாயை வருத்துதல் கூடாது.

இலங்கைச் சூழல்

இலங்கையில் 1879இற் கொழும்பில் த சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டது. 1926இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. வீடுதேடிச் செல்லும் பொதுச் சுகாதார மருத்துவிச்சியின் பணி இந்த அமைப்போடு வேரூன்றியது. 1980களின் முற்பகுதியிற் பால்மா விற்பனையை ஒழுங்குபடுத்தும் கோவையை ஏற்ற நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார மதிப்பீட்டின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பாலை மட்டுமே அருந்தினர். உலக நாடுகளிடையே இது உயர்ந்த வீதமாகும்.

இவ்வெற்றியில் வீட்டு மரபுக்கும் பங்குண்டு. யாழ்ப்பாணத்தில் பிள்ளைப்பேற்றின் பின் தாய்க்குச் சரக்கரைத்த பத்தியக் கறியும் உள்ளியும் முருங்கையிலையும் பால்சுறாவும் சமைத்துக் கொடுப்பர். 31ஆம் நாள் துடக்குக் கழியும் வரை அடுப்படி வேலை அவளுக்கு இல்லை. பால்சுறாவிற் பால் பெருக்கும் பொருள் உண்டோ இல்லையோ, அதனைச் சமைத்தவள் வேறொருத்தி என்பதே இங்கு பெரிது. பேரப்பிள்ளையை ஏந்திய அம்மம்மாவும், உடுப்புத் தோய்த்த மாமியும், இரவில் விழித்த சிறியதாயும் தாயின் நேரத்தை அவளுக்கே மீட்டுக் கொடுத்தனர். இரட்டையரின் தாய்க்குப் பாலைவிட விரைவில் வற்றிப்போவது நேரமும் நித்திரையுமே. இடப்பெயர்வாலும் தொழிலாலும் புலம்பெயர்வாலும் கூட்டுக் குடும்பம் சிதறிய இந்நாளில், அக்கைகள் தாமாக வந்து சேர்வதில்லை; முன்கூட்டியே தேடி ஒழுங்குசெய்ய வேண்டியனவாயின.

எது ஆயத்தம்?

இவ்வரலாறு உணர்த்தும் ஆயத்தம் ஐந்து கூறுகளை உடையது எனலாம். முதலாவது, பிறந்த முதல் மணித்தியாலத்திலேயே இருவரையும் மார்பில் விடுவதற்கான விருப்பத்தை வைத்தியருக்கும் தாதிக்கும் முன்னரே தெரிவித்தல். இரண்டாவது, குழந்தைகள் குறைமாதத்திற் பிறந்து வேறு அறையில் வைக்கப்படின், சில மணித்தியாலங்களுக்குள் கையாற் பீய்ச்சத் தொடங்கி, நாளொன்றுக்கு எட்டுத் தடவையேனும் அதனைத் தொடரும் முறையைக் கற்றிருத்தல். மூன்றாவது, தனித்தனியே பாலூட்டப் பழகியபின், புத்தகக் கட்டை அக்குளில் இடுக்குவது போல இருவரையும் இரு பக்கத்திலும் தலையணைமேற் கிடத்தி ஒருங்கே ஊட்டும் முறையை அறிந்திருத்தல். நான்காவது, நனைந்த துணிகளின் எண்ணிக்கையையும் நிறையின் ஏற்றத்தையும் கொண்டே பாலின் போதுமையை அறிதல். அழுகையை மட்டும் சான்றாகக் கொண்டு புட்டியை நாடாமை. நிறை ஏறாதவிடத்து வைத்தியர் மேலதிகப் பாலூட்டச் சொல்லின், அதனைத் தோல்வியாகக் கருதாது ஏற்றலும் இதன்பாற்படும். ஐந்தாவது, சமைப்பவர் யார், துவைப்பவர் யார், இரவிற் குழந்தையை ஏந்துபவர் யார் என்பதைக் கணவனும் சுற்றத்தாரும் கூடித் தீர்மானித்தல். இவற்றுள் ஒன்றேனும் மார்பைத் திருத்துவதன்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், 1445இல் முதற் குழந்தையை ஏற்ற அனாதைக் குழந்தைகள் இல்லமொன்று உண்டு. அதன் முகப்பில் துணியாற் சுற்றப்பட்ட குழந்தைகளின் மண்சிற்பங்கள் பதிக்கப்பட்டுள்ளன. பல நூற்றாண்டுகளாக முலைத்தாயரைக் கூலிக்கு அமர்த்திய அவ்வில்லத்திலேதான், 1990இல் உலக நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, தாய்ப்பாலூட்டலைப் பேணி வளர்க்கும் பிரகடனத்தை வெளியிட்டனர். பாலைக் கூலிக்குப் பெற்ற இடத்திலிருந்தே, பெற்றவளுக்கு உறுதுணை வழங்குதல் அரசுகளின் கடமை என்னும் குரல் எழுந்தது. “ஒருத்தியின் பால் இருவருக்குக் காணுமா?” என்ற வினாவுக்கு வரலாறு தரும் விடை, அவளைச் சுற்றியிருப்போரை நோக்கிய எதிர்வினாவாகவே அமைகின்றது: அவளுக்குத் துணைநிற்கும் கைகள் காணுமா?